இருபத்தைந்து லிட்டர்

பாதை எங்கே போகிறதென்று
என்னிடம் யாரும் சொல்வதில்லை.
கேட்கிற கேன் பெரிதாகும்போது
எனக்கே தெரிந்துவிடும்.

அகதெஸ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் கேன்களை
மணல் போட்டுக் குலுக்கிக் கழுவி
சாக்குச் சுற்றித் தைப்பது என் தொழில்.
நனைந்த சாக்குக்குள் தண்ணீர் சுடாது.
கழுத்தோரம் ஒரு தையல் மட்டும் சிவப்பு நூல்,
பக்கத்துக் கடை லவாலி என் கேனைத்
தன்னுடையதென்று விற்றுவிடக் கூடாதே.

முன்பெல்லாம் திங்கட்கிழமை வியாபாரம்.
பட்டாளத்து வண்டி முன்னே போகும்,
பின்னால் லாரிகள் வரிசைகட்டிக் கிளம்பும்,
கல்யாண ஊர்வலம் மாதிரி.
சாவடிக்குச் சாவடி காசு. வழியெல்லாம் கிணறு.
பத்து லிட்டர் தாராளம்.
பேரம் பேசுவார்கள், சிரிப்பார்கள்,
ஒருவன் சாக்கின்மேல்
தன் கால்பந்துக் குழுவின் பெயரை எழுதிக்கொண்டு போனான்.

பிறகு சட்டம் வந்தது.
கடலுக்கு அந்தப்பக்கம் யாரோ கேட்டார்களாம்,
வானொலியில் சொன்னார்கள்.
வண்டிகளைப் பிடித்து முகாம் வாசலில் நிறுத்த
டயர்கள் காற்றிறங்கி மணலில் அமிழ்ந்தன.
ரிஸ்ஸாவின் வண்டி இடமிருந்து நாலாவது.
இனி ஆள் வராது, வெங்காயம் விற்கலாம் என்று
தராசுகூட விலை கேட்டு வைத்தேன்.

ராத்திரியில் கதவைத் தட்டினார்கள்.
பதினைந்து லிட்டர் இருக்கிறதா?
அடுத்த மழைக்குள் இருபது.
இப்போது இருபத்தைந்துக்குக் குறைந்து
எவனும் தொட்டுப் பார்ப்பதில்லை.

கடன் வாங்கிய வண்டியோடு ரிஸ்ஸா வந்தான்.
“கிணற்றடியில் சிப்பாய்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.
தண்ணீர் இருக்கும் இடத்தில்தானே பிடிப்பார்கள்?
இல்லாத இடமாகப் பார்த்துப் போகிறேன்.”
விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுவானாம்.
தூரத்தில் தூசி எழுந்தால் ஒடித்துத் திரும்புவானாம்,
ஒரு திருப்பத்துக்கு இருநூறு கிலோமீட்டர் கூடுமாம்.
பெருமையாகத்தான் சொன்னான்.
தேநீரில் நாலாவது கரண்டி சர்க்கரை போட்டபோது
கை நடுங்கியது.

எனக்கு லாபம், பொய் சொல்ல மாட்டேன்.
பெரிய கேனுக்குச் சாக்கு அதிகம், கூலி அதிகம்.
அந்த வருடம்தான் வீட்டுக்குத் தகரம் போட்டேன்.

போன வியாழக்கிழமை
ஒரு கேனைக் கொண்டுவந்து வைத்தான்.
“கழுவி விற்றுக்கொள்.”
கழுத்தில் சிவப்புத் தையல்.
தூக்கினேன், கனத்தது.
பாதிக்கு மேல் தண்ணீர்.
தாகத்தில் செத்தவன் இவ்வளவு மிச்சம் வைக்க மாட்டான்.

கேட்டேன்.
வண்டியின் விளிம்பில், கால்களுக்கிடையே தடியைச் செருகி
அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தானாம்.
எங்கோ ஒரு வெளிச்சம்.
பட்டாளமோ, கொள்ளைக்காரனோ, விடிவெள்ளியேதானோ.
இருட்டில் வேகமெடுத்த வண்டி மேட்டில் குதித்தது.
விடிந்தபிறகுதான் எண்ணினார்களாம்.
இருபத்தொன்பது பேர்.
முப்பது கேன்.

சாக்கின்மேல் கரியில் எழுதியிருந்தது:
கெப்பா சன்யாங். கீழே ஓர் எண்.
காம்பியா எண் என்றான் தொலைபேசிக் கடைப் பையன்.
போட்டுத் தரச் சொன்னேன்.
ஒரு பெண் எடுத்தாள். பின்னால் உலக்கைச் சத்தம்.
எனக்கு ஹௌசா, அவளுக்கு வேறேதோ.
“கெப்பா,” என்றேன்.
“கெப்பா!” என்றாள்.
உலக்கை நின்றது.
யாரையோ கூவி அழைத்தாள், பிள்ளைகள் ஓடிவந்தார்கள்,
ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எல்லோரும்
சந்தோஷமாகப் பேசினார்கள்
என் காசு தீரும்வரை.

நேற்று ராத்திரி வந்தவன்
மூலையிலிருந்த அந்தக் கேனைக் காட்டினான்.
அது விற்பனைக்கு இல்லை என்றேன்.
சரி, முப்பது லிட்டரில் உண்டா என்றான்.

தண்ணீரை இன்னும் கொட்டவில்லை.
காலையில் எழுந்ததும் அதன் சாக்கை நனைத்தேன்,
கை பழக்கம்.